கண்ணாடி நிற்காத மூக்கு

மூக்கும் முழியுமாகப் பிறந்தவள் என்று அவளை யாரும் சொன்னதில்லை. முழி மட்டும் இருந்தது. 'சப்பை' என்று அண்ணன் வைத்த பேர் தெருவைத் தாண்டி, அவள் வேலை பார்த்த கண்ணாடிக் கடைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. "சப்பை, அந்த அம்மாவுக்கு ஃப்ரேம் எடுத்துக் காட்டு" என்று முதலாளி எல்லார் முன்னாலும் கூப்பிடுவார். அவள் சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டுவாள்.

வந்தவர் மூக்கைப் பார்த்ததுமே எந்த ஃப்ரேம் நிற்கும், எது வழுக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "சிவந்தா வாங்க, சரி பண்ணித் தர்றேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவாள். மூக்கில் உட்காரும் அந்தக் குட்டிப் பட்டைகளைக் கொஞ்சம் வளைத்துவிட்டால் மறுநாளே சிவந்த தடம் மறைந்துவிடும்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். முன்னால் நிற்பவர்கள் புதிதாக வந்த ஃப்ரேமைப் போட்டுக்கொண்டுதான் வியாபாரம் பண்ண வேண்டும். இவள் மூக்கில் எதுவும் நிற்காது. பேசும்போது நழுவி உதட்டுக்கு வரும். அவள் சொல்லித்தான் அவளுடைய சித்தி மகளை அங்கே வேலைக்குச் சேர்த்தார்கள். அந்தத் தங்கச்சிக்கோ கத்தி போல மூக்கு.

"இனி அவ முன்னால நிக்கட்டும். நீ பின்னால போய் லென்ஸ் தேய்" என்றார் முதலாளி.

"ஐயா, இத்தனை வருஷம் நான்தானே..."

"மூக்கு முளைச்சா சொல்லு, திரும்பக் கூப்பிடுறேன்."

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

மூக்கை உயர்த்தும் ஆபரேஷனுக்காக அவள் தேடிப் போன டாக்டரம்மா, அவள் மூக்குத் தோலை விரலால் கிள்ளிப் பார்த்தார். "தோல் ரொம்ப மெலிசு. உங்க விலாவுலேருந்தே குருத்தெலும்பு எடுத்து வைக்கலாம். உடம்போட உடம்பா ஒட்டிக்கும். சிலிக்கான் ஒட்டாது, சும்மா உள்ளே உட்கார்ந்திருக்கும். ரொம்ப உயரமா வச்சா தோலைத் தின்னுடும்."

மேசையில் கிடந்த சிலிக்கான் துண்டை அவள் எடுத்தாள். ஃப்ரேமின் காலைச் சோதிப்பது போல இரண்டு விரலால் வளைத்து விட்டாள். சட்டென்று நேராயிற்று.

"விலா எலும்பு வளையுமா, டாக்டர்?"

"சிலருக்குக் கொஞ்சம் வளையும்."

அதோடு தீர்ந்தது. அவள் தொழிலில் வளைந்தது நேராகாவிட்டால் மட்டமான சரக்கு. வீட்டில் அண்ணனும் சிரித்தான். "விலாவை வெட்டி மூக்குல வைக்கிறதா? உத்தரத்தை உருவி வாசப்படி கட்டின கதைதான்." அவள் சிலிக்கானையே கேட்டாள், அதிலும் உயரமானதை. டாக்டரம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு, மாதக்கணக்கில் கண்ணாடி போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அதையே வைத்துக் கொடுத்தார்.

வீக்கம் வடிந்து கடைக்குப் போனதும் முதலாளி வாயைப் பிளந்தார். கண்ணாடி போடக் கூடாதாம் என்று அவள் மெல்லச் சொன்னாள்.

"மூக்கு வச்சதே கண்ணாடி போடத்தானே? பெட்டியில வச்சுப் பூட்டவா போற? முடியாதுன்னா சொல்லு, உன் தங்கச்சி இருக்கா."

அவள் போட்டுக்கொண்டாள். இருப்பதிலேயே கனமான ஃப்ரேம். அசையாமல் நின்றது. அந்தக் கோலத்தில் அவளைப் படமெடுத்து, ஆள் உயரத்துக்குக் கடை வாசலில் மாட்டினார்கள். வேலை முடிந்து போகும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

கொஞ்ச நாளில் மூக்குத்தண்டு சிவந்தது.

"அக்கா, டாக்டர்கிட்ட காட்டேன்" என்றாள் தங்கச்சி.

"போடி, இது பட்டை அழுத்தின தடம். எனக்கே சொல்லித் தர்றியா?"

பட்டையை வளைத்தாள். சிவப்பு போகவில்லை. மெத்தென்ற பட்டையாக மாற்றினாள். சிவந்த இடம் வெளுத்துப் பளபளத்தது. குணமாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம், ஃப்ரேம் பார்க்க வந்த அம்மா அவள் முகத்தைப் பார்த்ததும் பின்வாங்கினார். "ஐயோ, உன் மூக்கைக் கிழிச்சுக்கிட்டு என்னமோ வெள்ளையா வருதே!" அவள் திரும்பினாள். கடை முழுக்கக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான் தெரிந்தது.

டாக்டரம்மா சிலிக்கானை எடுத்துவிட்டார். புண் ஆற ஆறத் தோல் சுருங்கி, நுனி மேலே இழுத்துக்கொண்டு, மூக்கு முன்னைவிடக் குட்டையாயிற்று. "ஒரு வருஷம் போகட்டும், பார்க்கலாம். ஆனா உறுதி சொல்ல மாட்டேன்" என்றார்.

அண்ணன் சொன்னான்: "சப்பைன்னா கோவிச்சுக்குவே. இப்ப அந்தப் பேருக்கே ஏங்க வேண்டியதாப் போச்சே!"

இப்போது அவள் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறாள். வாசலில் படம் அப்படியே இருக்கிறது. அதற்காகவே ஆள் வருகிறது.

அன்று வந்த ஒருவர் பிடிவாதம் பிடித்தார். "அந்தப் படத்துல நிக்கிற மாதிரி எனக்கும் நிக்கணும்." தங்கச்சிக்குக் கை வரவில்லை. முதலாளி உள்ளே பார்த்துக் குரல் கொடுக்க, அவள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வந்தாள்.

"படத்துல இருக்கிற பொண்ணு யாருங்க?" என்று கேட்டார் வந்தவர்.

"அது வெளியூர்ப் பொண்ணு. விளம்பரத்துக்கு வந்தது" என்றார் முதலாளி, அவளைப் பார்த்துக்கொண்டே.

அவள் பட்டையை வளைத்து மாட்டிவிட்டாள். அசையாமல் நின்றது.

"சிவந்தா வாங்க, சரி பண்ணித் தர்றேன்" என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

"சரி சரி, உள்ளே போ" என்றார் முதலாளி. "மெஷின் சும்மா ஓடுது."