கசக்காத வேப்பிலை

1958 அக்டோபர் 30, வியாழக்கிழமை, காலை ஒன்பதே கால். கல்வராயன் மலையில் மழை இல்லை. வடகிழக்கில் மட்டும் கருமேகம். எங்களிடம் கடிகாரம் ஏது? கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த நேரத்திலிருந்து, மலை இறங்கிய நேரத்தையும் பஸ் நேரத்தையும் கழித்துப் பின்னாளில் கண்டுபிடித்தேன்.

எனக்கு எட்டு வயது. களத்தில் ஒன்பது மூட்டை தேறும் சாமைக் கதிர் கிடந்தது. அதுதான் ஒரு வருஷச் சோறு. மழைக்கு முன் அதை வீடு சேர்க்க அப்பா, அம்மா, அக்கா மூவரும் தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அறுத்த சாமைக் கொல்லையில் ஓடிவந்த எனக்குக் குதிகாலில் சுருக்கென்றது.

பத்து நாள் முன்புதான் பக்கத்து வீட்டுப் பையனைப் பாம்பு கடித்துப் பாடையில் கொண்டுபோயிருந்தார்கள். அந்தப் பாடையில் என்னையே பார்த்தேன். அலறினேன்.

அக்கா காலைத் திருப்பிப் பார்த்தாள். "முள்ளுடா இது. இதுக்கா ஊரக் கூட்டிக்கினு கெடக்குற?"

அப்பாவுக்கு மனம் கேட்கவில்லை. கடிபட்டவனுக்கு வேப்பிலை கொடுப்பது எங்கள் வழக்கம். கசந்தால் விஷம் இல்லை, கசக்காவிட்டால் ஏறிவிட்டது. ஒரு கொத்தை என் வாயில் திணித்தார்.

"கசக்குதாடா?"

மென்றேன். வலி முழங்காலுக்கு வந்துவிட்டதா, இடுப்புக்கு வந்துவிட்டதா என்று உள்ளுக்குள் அளந்துகொண்டிருந்தேன். எனக்கு நாக்கு இருப்பதே நினைவில் இல்லை.

"கசக்கல."

"இன்னாங்க பாத்துக்கினு நிக்கிறீங்க, தூக்குங்க!" என்று அம்மா கத்தினாள். அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். அம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். களத்தில் அக்கா மட்டும் நின்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இடுக்கியால் அரை அங்குல முள்ளை எடுத்துக் காட்டினார். "பாம்பு பல்ல உட்டுட்டுப் போயிடுச்சா?"

அப்போதுதான் தொண்டை முழுக்கக் கசந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் திரும்பினோம். அக்கா ஒருத்தியாக ஒரு மூட்டைதான் காப்பாற்றியிருந்தாள். மற்றது நனைந்து, சில நாளில் முளைவிட்டுப் போயிற்று. தை பிறக்கும் முன்பே ஆள் பிடிக்கும் மேஸ்திரி ஒருவர் அப்பாவிடம் முன்பணம் கொடுத்து அவளை ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். பஸ் ஏறிப் போகிறாளே என்று நான் பொறாமைப்பட்டேன்.

பத்தொன்பது வருஷம் அங்கேயே இருந்து, அங்கேயே போய்ச்சேர்ந்தாள். இடையில் வீட்டுக்கு வந்தது நான்கு தடவை. தங்கியது மொத்தம் பதினொரு நாள்.