மச்சாள் கேட்ட சட்டை

போன கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். வயிற்றில் ஆறு மாதம். பைக்குள் வெள்ளைக் கம்பளி நூல் உருண்டைகளும் புத்தம் புதிய பின்னல் ஊசிகளும் இருந்தன.

"அம்மா, நீங்கள் முந்தி நல்லாப் பின்னுவியளாம். ஒரு சின்னச் சட்டை பின்னித் தாங்கோவன்."

"பிள்ளை பிறக்கட்டும் மோனை. பிறந்த கையோடை பின்னித் தாறன்."

"ஐயோ, இப்பவும் உதெல்லாம் பாக்கிறியளே? நான் தொட்டில், சட்டை எல்லாம் வாங்கி அடுக்கியாச்சு."

சிரித்துக்கொண்டு போய்விட்டாள். பை கதிரையில் கிடந்தது. எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. எனக்குத் தெரிந்த கம்பளி நூலுக்கு நனைந்த ஆட்டின் மணம் உண்டு, பூச்சி உருண்டையின் மணம் உண்டு, ஓர் ஆம்பிளையின் பழைய வியர்வை மணமும் உண்டு. ஏனென்றால் அது கடையில் வாங்கிய நூல் இல்லை. இவருடைய சுவெற்றரை உரித்து எடுத்த நூல்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். அந்தக் காலத்தில் பண்டாரவளையில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். குளிர் ஊர். நானும் பிள்ளையும் யாழ்ப்பாணத் தீவுப்பக்கத்துக் கரம்பொனில். வெளிச் சாமான் ஒன்றும் நாட்டுக்குள் வராத காலம் அது. பாணுக்கும் வரிசை, துணிக்கும் வரிசை. கம்பளி நூலைக் கண்ணாலும் காண ஏலாது. ஒரு தைப்பொங்கலுக்கு இவர் முழங்கை இரண்டும் பிய்ந்த நீலச் சுவெற்றர் ஒன்றோடு வந்து, "உதைக் கொண்டுபோய்க் குப்பையிலை போடும்" என்றார். நான் போடுவேனா? அன்றைக்கே உரிக்கத் தொடங்கிவிட்டேன். உரித்த நூல் இடியப்பம் மாதிரிச் சுருண்டு சுருண்டு வரும். சுடுதண்ணியில் ஊறப்போட்டு, கொடியில் தொங்கவிட்டு, கீழே ஒரு கல்லையும் கட்டிவிட்டால் நிமிர்ந்துவிடும். ஊசி? பழைய குடைக்கம்பி இரண்டு. உடுப்புத் தோய்க்கிற கல்லில் தேய்த்துத் தேய்த்து முனையை மழுக்கியது.

பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. பின்னேரங்களில் கன்னியர் மடத்தில் தையல் பழக்கினார்கள், அதற்கு மட்டும் விட்டார்கள். எழுத்து எனக்கு இன்றைக்கும் எறும்பு ஊருகிற மாதிரித்தான் வரும். இதை எழுதி முடிக்கிறதுக்குள் எத்தனை தேத்தண்ணி ஆறிப்போகுமோ. ஆனால் ஊசி அப்படி இல்லை. எங்கள் பக்கத்தில் என் கையால் பின்னின சட்டை போடாமல் முப்பத்தொன்று கழித்த பிள்ளை குறைவு. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

முப்பத்தொன்று என்றால், பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் வீட்டின் துடக்கை, அதாவது தீட்டை, கழிக்கிறது. அதுவரைக்கும் பிள்ளைக்குப் பழஞ்சேலைத் துண்டும் வேட்டித் துண்டும்தான். அன்றைக்குத்தான் புதுச்சட்டை ஏறும். உரிமையுள்ள சொந்தக்காரர் கொண்டுவந்து போடுவார்கள். அதற்கு முந்தி, அதுவும் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது, சட்டை தைக்கவே கூடாது. தைத்து வைத்தால் போட ஆள் வராமல் போய்விடும் என்று பயம்.

என் மகள் சாந்திக்கு அப்போது இரண்டு வயதும் முடியவில்லை. அவளை வைத்துக்கொண்டு பின்னினேன் என்பதை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. பழஞ்சேலையை அவளுடைய இடுப்பில் சுற்றி, மற்றத் தலைப்பைத் தூணில் கட்டிவிடுவேன். என் மடிவரைக்கும் வரலாம், கிணற்றடிக்குப் போக ஏலாது. வேலியால் எட்டிப் பார்க்கிறவர்கள், "என்ன பிள்ளை, மாட்டுக் கண்டு கட்டி வளக்கிறீரோ?" என்று கேட்பார்கள். அவளோ நான் அசந்த நேரம் பார்த்து ஊசியை உருவிவிடுவாள். ஒரு பின்னேரத்து வேலை அப்படியே பொலபொலவென்று கழன்றுவிடும். ஒருமுறை சட்டைக்கு வைத்திருந்த பொத்தான் தெறி ஒன்றை விழுங்கிவிட்டாள். ஈர்க்கும் கையுமாக இரண்டு நாள் காவல் இருந்து, எடுத்து, கழுவி, அந்தச் சட்டையிலேயே வைத்துத் தைத்தேன். யாருடைய சட்டை என்று சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளை இப்போது வெளிநாட்டில் பெரிய உத்தியோகம்.

அப்படியிருக்கும்போதுதான் பூமணி மச்சாள் வந்தார். இவருடைய அக்கா. தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர். எழுவைதீவில் கலியாணம் முடித்தவர். அங்கே போகவர வள்ளம்தான், வேறு வழி இல்லை. முதல் இரண்டு பிள்ளைகளும் அந்தத் தீவிலேயே பிறந்து, பிறந்த அன்றைக்கே போய்விட்டன. மூன்றாம் முறை வயிற்றில் தங்கினதும் இவர் சொல்லிவிட்டார்: "அக்கா இஞ்சை வந்து இருக்கட்டும். ஆஸ்பத்திரி கிட்ட. சோளகக் காத்துப் பேர்ந்தால் வள்ளம் ஓடாது. அவவைப் பிள்ளையும் கையுமா அனுப்பி வைக்கிறது உம்மடை பொறுப்பு." சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். பொறுப்பு என் தலையில்.

மச்சாள் நல்ல பகிடிக்காரி. ஒரு கடகம் கருவாட்டோடு வந்து இறங்கியவர், என் ஊசிகளைக் கண்டதும், "ஐயோ, ஆருடைய குடையை அறுத்தனீர்? மாரிக்கு நனையப்போறார் அந்தப் பாவி" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, குரலை இறக்கி, "பகிடி இல்லை மச்சாள். நான் இஞ்சை இருக்குமட்டும் இந்த வீட்டிலை சின்ன உடுப்பு ஒண்டும் வேண்டாம். ஆருடைய பிள்ளைக்கும் வேண்டாம். உம்மைக் கும்பிட்டன்" என்றார்.

"ஓம் மச்சாள்" என்றேன். ஊசிகளைக் கொண்டுபோய் வீட்டுக் கூரை வளையில் செருகினேன்.

கொஞ்ச நாள் சும்மா இருந்தேன். சுருட்டுக் குடிக்கிறவனைச் சுருட்டை விடச் சொன்ன மாதிரி. பிறகு யோசனை ஓடத் தொடங்கியது. பிறக்கப்போகிற பிள்ளைக்கு நான் மாமி. முதற்சட்டை மாமன் வீட்டுச் சட்டை. எழுவைதீவில் இருந்து சனம் வள்ளம் பிடித்து வரும், வந்து என் கையைத்தான் பார்க்கும். பிள்ளை பிறந்துவிட்டால் மச்சாளுக்கு மருந்துச் சரக்கரைக்கிறதும், பத்தியம் காய்ச்சுகிறதும், துணி அலசுகிறதும் நான். சாந்தியும் இருக்கிறாள். பின்ன எங்கே நேரம்? ஊருக்கெல்லாம் பின்னிக் கொடுத்தவள் இவருடைய அக்காவின் பிள்ளைக்குக் கடைச்சட்டையை நீட்டுகிறதா?

எங்கள் பெண்கள் தங்களுக்குள் ஒரு வழி வைத்திருந்தார்கள். துண்டு துண்டாகச் செய்து வைக்கலாம், பொருத்தத்தான் கூடாது. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை. பொருத்தாதவரைக்கும் அது சட்டை இல்லை. நான் கண்டுபிடித்தது இல்லை, எனக்கு முந்தின எத்தனையோ பேர் அப்படிச் செய்து வைத்து, பிள்ளை பிறந்த பிறகு ஒரு பின்னேரத்தில் பொருத்தி எடுத்தவர்கள்தான். மச்சாள் மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும் குசினி அடுப்படியில் இருந்து பின்னினேன். மிஞ்சின நூல் பழையது, இழுத்தால் அறும். பூவேலை ஒன்றும் போட ஏலவில்லை. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, அவ்வளவுதான். பின்னி முடித்த துண்டுகளைப் பழஞ்சேலைப் பெட்டிக்குள் அடியில் வைத்தேன்.

சாந்திக்குக் கட்டும் சேலை அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்பது சாந்திக்குத் தெரியும். எனக்கு அது யோசனையில் வரவில்லை.

ஒருநாள் விடிய நான் மீன் வெட்டிக்கொண்டிருக்கிறேன். சாந்தி ஒரு காலில் நீலமாய் எதையோ மாட்டிக்கொண்டு, தத்தித் தத்தி மச்சாளிடம் போகிறாள். சட்டைக் கை. மச்சாள் அதைக் கழற்றித் தன் விரலில் போட்டுப் பார்த்தார்.

"இது ஆருக்கு?"

"துண்டுதான் மச்சாள். பொருத்தேல்லை. பொருத்தினால்தானே சட்டை."

"நீர் என்ன அப்புக்காத்தோ? என்னோடை வழக்குப் பேசுறீர்?" எழும்பிவிட்டார். "வள்ளம் எத்தினை மணிக்கு?"

"மச்சாள், காத்து அடிக்குது. இந்த நிலையிலை…"

"கடல் என்னைக் கொண்டு போனால் போகட்டும். இந்த வீட்டிலை நான் பெறன்."

என்னால் காலில் விழ ஏலாது. அது என் சுபாவத்தில் இல்லை. ஆனால் அந்தக் காற்றில் அவர் வள்ளத்தில் ஏறினால் என்ன நடக்கும் என்று தெரியும். அங்கே போய் மூன்றாவதையும் மருத்துவிச்சி இல்லாமல் பெறுவார். பெட்டியைத் தூக்கி வந்து அவருக்கு முன்னால் கவிழ்த்தேன். நாலு துண்டையும் எடுத்து வைத்து, "இஞ்சை பாருங்கோ" என்று ஒன்றின் நுனியைப் பிடித்து இழுத்தேன். கரகரவென்று உரிந்து வந்தது. மச்சாள் நிலத்தில் குந்தி இரண்டு கையையும் நீட்டினார். நான் உரிக்க உரிக்க நூலை அவருடைய கைகளில் சுற்றினேன். சாந்தி நடுவில் இருந்து கை தட்டினாள்.

"ஒரு இழையும் விடாதையும்" என்றார்.

"விடன் மச்சாள்."

கடைசித் துண்டின் கடைசி வரியும் போனபிறகு, "கருவாட்டைச் சட்டியிலை போடும், பசிக்குது" என்றார். வள்ளம் ஏறாமல் நின்றுவிட்டார்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் பிறந்தது. ஆம்பிளைப் பிள்ளை. அழவில்லை. தாதிப்பிள்ளை ஒருத்தி வெளியே வந்து, "உடுப்பு ஏதும் கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டாள். என்னிடம் என்ன இருக்கிறது? இவருடைய வேட்டியில் கிழித்த துண்டு ஒன்று. அதில் சுற்றித்தான் என் கையில் தந்தார்கள். மச்சாளின் புருசன் அப்படியே வாங்கிக்கொண்டு போனார். நாங்கள் பெண்கள் போகிறதில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் கேட்கிறதில்லை.

இவர் பண்டாரவளையில் இருந்து வந்தார். என்னை ஏசவில்லை. "அக்கா உம்மோடை கதைச்சவவோ?" என்று மட்டும் கேட்டார். "இல்லை" என்றேன். மச்சாள் என்னைப் பாராமலே வள்ளம் ஏறினார். கதை எப்படி வெளியில் போனதோ தெரியாது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒருத்தியும் என்னிடம் சட்டை கேட்டு வரவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் என்னைக் கண்டால் சேலைத் தலைப்பை இழுத்து மூடினார்கள். நானும் போய் ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தவில்லை. துண்டு வேறு, சட்டை வேறு. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். உரிக்காமல் விட்டிருந்தால் வேட்டித் துண்டோடு போயிருக்கமாட்டான் என்பதை மட்டும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

அடுத்த வருசம் ஆனியில் நயினாதீவு அம்மன் தேர். சாந்தியைத் தூக்கிக்கொண்டு குறிகட்டுவான் துறையில் லோஞ்ச் ஏறினேன். சரியான சனம். உள்ளே மச்சாள். தள்ளி இருக்க இடம் இல்லை, பக்கத்தில் இருந்தேன். எல்லாருக்கும் முன்னால் ஏன் பின்னினனீர் என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

பாதிக் கடலில், முகத்தைத் திருப்பாமல், "அந்தச் சட்டையிலை என்ன வேலை போட்டனீர்?" என்றார்.

"கோடுதான் மச்சாள். மேலை ஒண்டு, கீழை ஒண்டு."

"கழுத்து?"

"வட்டக் கழுத்து."

"கை எவ்வளவு நீளம்?"

என் சின்ன விரலைக் காட்டினேன். தலையை ஆட்டினார். சாந்தியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்குப் பிள்ளை தங்கவே இல்லை. ஒவ்வொரு வருசமும் தேருக்கு வருவார், ஒவ்வொரு வருசமும் கேட்பார். அவனைப் பற்றிக் கேட்க உலகத்தில் அவருக்கு வேறு எவர் இருந்தார்? அவனுக்கென்று செய்யப்பட்ட சாமான் அது ஒன்றுதான், அதைப் பின்னினவள் நான் ஒருத்திதான். மூன்றாம் வருசம் கழுத்தடியில் ஒரு பூ இருந்தது என்றேன். பொய்தான். "என்ன பூ?" என்றார். "செவ்வரத்தை." பிறகு ஒரு வருசம் தெறி வைத்தேன். ஒரு வருசம் பொக்கற் வைத்தேன். கைத்துண்டின் நீளத்தையும் கூட்டிக்கொண்டு போனேன், சாந்தி வளருகிற வளர்த்தியைப் பார்த்து. அப்படி ஒரு நீளக் கை குழந்தைப்பிள்ளைச் சட்டைக்கு இராது என்று மச்சாளுக்குத் தெரியாதா? ஒருநாளும் மறுத்துச் சொல்லவில்லை. என்னை மன்னித்தாரா என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பகிடிக்காரியாக இருந்தவர் பிறகு சிரித்ததை நான் காணவில்லை.

கடைசியாகச் சேர்ந்து போன தேர் எண்பதுகளின் தொடக்கத்தில். சாந்தி பெரியபிள்ளையாகிவிட்டாள், பாவாடை தாவணியோடு எங்களுக்கு முன்னால் நின்றாள். மச்சாள் கேட்டார். நான் என் தோளில் இருந்து முழங்கை வரைக்கும் தொட்டுக் காட்டினேன். அவர் என் விரலைப் பிடித்து மெல்லக் கீழே இழுத்து, மணிக்கட்டில் கொண்டுவந்து விட்டார்.

"நீளம் காணாது மச்சாள்" என்றார். "உயர்ந்த பிள்ளை."

அதற்குப் பிறகு சண்டையால் தேருக்கு லோஞ்ச் ஓடாத வருசங்கள் வந்தன. எழுவைதீவுச் சனமும் எங்கள் சனமும் கிடந்தது கிடக்க எழும்பி ஓடினோம், ஆளுக்கொரு திசை. மச்சாள் வன்னியில் எங்கோ ஒரு கொட்டிலில் செத்தார் என்று நான் கேள்விப்பட்டதே அடுத்த வருசம்தான். இவரும் இல்லை. அப்படி ஒரு பிள்ளை பிறந்தது என்று இப்போது சாந்தியிடம் சொன்னால், "எந்தப் பிள்ளை அம்மா?" என்கிறாள். அவள் நடுவில் இருந்து கை தட்டினவள்.

இருந்தால் அவனுக்கும் இப்போது தலை நரைத்திருக்கும். உடம்பும் வைத்திருக்கும். என்ன அளவு சொல்கிறது என்று தெரியவில்லை. கேட்கிறதுக்கும் ஆள் இல்லை.