ஆறு மணி நேர லண்டன்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் லண்டனை ஆறு மணி நேரத்துக்குள் சுருக்கிவிட்டார்கள்.

சுருக்கியவர் கல்யாணத் தரகர். சுருங்கிய இடம், பக்கத்து வீட்டுப் பனியன் கம்பெனி முதலாளி சென்னியப்பனின் கூடம். அவர் மகள் சரஸ்வதிக்கு லண்டனில் வேலை பார்க்கும் வரன் வந்திருக்கிறது. பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு ஏரோப்ளேனும் தெரிந்திருக்கும் என்று என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நான் ஏறியதில்லை. அண்ணாந்து பார்த்திருக்கிறேன்... அவ்வளவுதான்.

“காலைல ஆறு மணிக்குப் பம்பாயில ஏறினா, மத்தியானம் பன்னெண்டுக்கு லண்டன்ல எறங்கிரலாமுங்க. வெறும் ஆறு மணி நேரம்!” என்றார் தரகர்.

சென்னியப்பன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இதே மனிதர்தான் போன மாதம் வெள்ளகோவில் வரனைத் தட்டிக் கழித்தார். நல்ல பையன், நல்ல குடும்பம். ஆனால் காங்கயத்தில் பஸ் மாற வேண்டுமாம் — கண்காணாத ஊராம். லண்டன் மட்டும் கொல்லைப்புறத்திலா இருக்கிறது?

பம்பாய் வரைக்கும் ரயிலில் கிடந்து சாக வேண்டுமே, அதைத் தரகர் எதில் சேர்த்தார்? ஒருவரும் கேட்கவில்லை. ஏரோப்ளேன் என்னவோ திருப்பூர் ஸ்டேஷனுக்கே வந்து ஹாரன் அடிக்கும் போலிருக்கிறது!

என் வாய் சும்மா இருக்குமா?

“ஏனுங்க, அங்க கடியாரம் நம்மளவிட அஞ்சரை மணி நேரம் பின்னாடி ஓடுதுங்க. அதையும் கூட்டோணும். பன்னெண்டு மணி நேரத்துக்குப் பக்கமா வருமுங்க” என்றேன்.

“கடியாரம் எப்படி ஓடினா நமக்கென்னங்க? ஏறின அன்னிக்கே எறங்கறோமில்லீங்க?” என்று சிரித்தார் தரகர். சென்னியப்பனும் சேர்ந்து சிரித்தார். இந்த மாதிரி இடங்களில் சிரிப்புக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

அப்போதுதான் உள் வாசலில் நின்ற சரஸ்வதி கேட்டாள்.

“திரும்பி வாறதுக்கு எவ்வளவு நேரமாகுமுங்க?”

தரகர் திகைத்துப் போனார். “நீ எதுக்கு கண்ணு திரும்பி வரோணும்?”

“வெள்ளகோவில்னா, சண்டை கிண்டை வந்தா அழுதுட்டே பஸ் ஏறி நம்மூட்டுக்கு வந்துருவனுங்க. அங்கிருந்து நான் எதுல ஏறி வருவனுங்க? டிக்கெட் அவரு எடுத்துக் குடுத்தாத்தானுங்களே?”

மணி நேரத்தைப் பற்றி அத்தனை பேசினோமே, இது எங்களில் ஒருவனுக்காவது தோன்றியதா?

“அபசகுனமாப் பேசாத கண்ணு. உள்ள போ” என்றார் சென்னியப்பன். பிறகு தரகரிடம், “சரின்னு சொல்லிருங்க. லண்டன் மாப்பிள்ளைன்னு ஊருக்குள்ள எல்லார்த்துகிட்டயும் சொல்லிப் போட்டனுங்க” என்றார்.

இதுதான் காரணம்! ஊரில் சொல்லியாகிவிட்டது. இனி மகள் என்ன கேட்டால் என்ன?

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அந்தப் புள்ள கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க!” என்று கத்தியே விட்டேன்.

சென்னியப்பன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ஆறு மணி நேரந்தானுங்களே...”

அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். அந்த வீட்டில் கணக்குத் தெரிந்த ஒரே ஆள் சரஸ்வதி — அவளைத்தான் ஏற்றுமதி செய்கிறார்கள்!