கிரேன் மேலே இரண்டு மணி நேரம்

என் சாட்சியைக் கேட்டுப் போன வருஷம் கைதட்டிய சபை மக்களே, அந்தச் சாட்சி பொய். இதுதான் நிஜம். கடைசிவரை படியுங்கள்.

நான் டேனியல், திருவொற்றியூர். டிப்ளமோ முடித்ததும் எண்ணூர் பக்கம் கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்குகிற வேலைக்கு, கிரேன் ஓட்டும் பயிற்சியில் சேர்ந்தேன். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. கால்களுக்கு நடுவே கீழே குனிந்து பார்த்தபடியே பெட்டிகளைத் தூக்க வேண்டும். ஏறினால் இரண்டு மணி நேரம் இறங்க முடியாது. அந்த வேலை என்றால் எனக்கு உயிர்.

மூன்றாம் மாதம் வயிறு காலை வாரிவிட்டது. முறுக்கும், ஓடுவேன். வந்து உட்கார்ந்தால் மறுபடியும் முறுக்கும். சில நாள் அதுவும் போகாமல் கல் மாதிரி உப்பிக் கிடக்கும். ரத்தம், ஸ்கேன், குழாய் விட்டுப் பார்ப்பது எல்லாம் ஆனது. "குடல்ல புண் இல்ல, கட்டி இல்ல. இது ஐ.பி.எஸ்.னு சொல்ற குடல் எரிச்சல் கோளாறு." என்றார் டாக்டர். ஒன்றுமில்லை என்று சொன்னதற்கு யாராவது அழுவார்களா? நான் அழுதேன்.

கூட வேலை செய்யும் டில்லிக்கு நான்தான் தமாஷ். "இன்னா மாமு, கப்பல் வர்றதுக்குள்ள எத்தினி ட்ரிப் அடிச்ச?" என்பான். ஒரு நாள் ஏணியில் பாதி ஏறும்போதே முறுக்கியது. இறங்குவதற்குள்... எழுத முடியவில்லை. அன்றைக்கு டில்லி சிரிக்கவில்லை. தன் மாற்று பேன்ட்டைக் கழிப்பறைக் கதவுமேல் போட்டுவிட்டு, "யாருக்கும் தெர்யாது, போட்டுக்கினு வா நைனா" என்றான்.

அதற்கப்புறம்தான் அந்தத் தப்பைச் செய்தேன். உபவாச ஜெபம் முடிந்ததும் "சுகம் பெற்றவங்க முன்னாடி வாங்க" என்பார்கள் இல்லையா? காலையிலிருந்து சாப்பிடாததால் என் வயிறு அமைதியாக இருந்தது. எனக்கு எதிலும் அவசரம். மைக்கைப் பிடித்து "முழு சுகம்!" என்றேன். அம்மா அழுதுகொண்டே கைதட்டினார். டாக்டர் தந்த மாத்திரையையும் அன்றே நிறுத்தினேன்.

மறுநாள் இட்லி சாப்பிட்ட அரை மணியில் எல்லாம் திரும்பி வந்தது.

இனி யாரிடம் சொல்வது? சுகமானவன் எப்படி ஜெப விண்ணப்பம் வைப்பான்? ஞாயிறுதோறும் கழிப்பறைக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வீட்டில் அம்மாவுக்குச் சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளே கிடப்பேன். மாதக் கடைசியில் தேர்வு என்று வேலையில் அறிவித்தார்கள். கூண்டில் தனியாக இரண்டு மணி நேரம். பாதியில் இறங்கினால் வேலை கிடையாது. கடற்கரைக் கல்மேல் உட்கார்ந்து கேட்டேன்: "ஆண்டவரே, சுகம்கூட அப்புறம். நான் பொய் சொன்னேன் என்று சொல்லத் தைரியம் தாரும்."

அந்த ஞாயிறு முன்னே போனேன். "அன்னைக்குச் சொன்னது பொய். எனக்கு இன்னும் சரியாகல." யாரும் கைதட்டவில்லை. அம்மா தலை குனிந்தார்.

ஆராதனை முடிந்ததும் ஸ்டெல்லா அக்கா வந்தார். பெரம்பூரில் பிசியோதெரபி பார்க்கிறவர். ஆஸ்டியோபதியும் படித்திருக்கிறார், கைகளாலேயே மெல்ல அழுத்தி, இறுகிய இடத்தைத் தளர்த்துகிற சிகிச்சை. "தம்பி, அன்னைக்கு ஒரு கையில மைக், ஒரு கையில வயிறுன்னு நின்ன. கூப்பிட்டுப் பேசணும்னு இருந்தேன். முழு சுகம்னு நீயே சொல்லிட்ட. நான் என்னத்தச் சொல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதில் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்திருக்கிறது. என் வாய்தான் அதை அடைத்து வைத்திருந்தது.

முதலில் டாக்டரிடம் அனுப்பி, மாத்திரையைத் திரும்பத் தொடங்க வைத்தார் அக்கா. அப்புறம்தான் கை வைத்தார். "நாள் பூரா குனிஞ்சே இருக்கியா? விலா இறுகிப்போய்க் கிடக்கு. மூச்சு கீழ இறங்கவே இல்லையே!" மூன்றாவது தடவை, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் மூச்சு வயிறுவரை இறங்கியது. படுத்தபடியே அழுதேன்.

தேர்வில் ஒரு மணி நேரம் தாண்டியதும் முறுக்கியது. "ஆண்டவரே, கூட இரும்." அக்கா சொல்லித்தந்தபடி மூச்சை இறக்கினேன். இறக்கிக்கொண்டே இருந்தேன். மெல்ல அடங்கியது. இரண்டு மணி நேரம் முடிந்து இறங்கினால் கீழே டில்லி. "இன்னா மாமு, மேலயே வூடு கட்டிக்கினியா?"

வேலை நிலைத்தது. ஆனால் இந்தத் தடவை "முழு சுகம்" என்று எழுத மாட்டேன். பால் குடித்தால் இன்னும் வயிறு மல்லுக்கு நிற்கிறது. எல்லாருக்கும் இதே சிகிச்சை கேட்குமா என்றும் எனக்குத் தெரியாது. நான் உண்மையைச் சொன்ன அன்றே ஆண்டவர் பதில் அனுப்பினார் என்பது மட்டும் தெரியும். நன்றி ஆண்டவரே.

வெட்கத்தில் எதையோ விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா? "இன்னும் சரியாகல" என்று அவரிடம் சொல்லுங்கள், எங்களிடமும் சொல்லுங்கள். நான் இப்போதும் கடைசி வரிசையில்தான் உட்காருகிறேன். பக்கத்து நாற்காலி உங்களுக்குத்தான்.