புகைபோக்கிக்கு எதிர்வீட்டுக்காரி

அவள் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தபோது அனல்மின் நிலையத்தின் முதல் புகைபோக்கி பாதி உயரம்தான் எழும்பியிருந்தது. கணவருக்கு அங்கே பாய்லர் பிரிவில் வேலை. புது மனைவியை வாசலுக்கு அழைத்து வந்தவர், தாமே செங்கல் சுமந்து கட்டியதுபோல, "இன்னும் இதே அளவு உயரம் வரும் பாரு," என்று கையை வானத்துக்கு நீட்டினார். அண்ணாந்து பார்த்து அவளுக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

நிலையம் ஓடத் தொடங்கியதும் ஊரின் முகமே மாறிப்போயிற்று. நிலக்கரி ரயில் வரும்போதெல்லாம் அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன. கடைகள் பெருகின. பக்கத்து ஊர்களில்கூட விளக்கு எரிந்தது. நிலையத்து மதிலை ஒட்டிய அவர்கள் தெருவுக்கு மட்டும் எல்லோருக்கும் கடைசியாகத்தான் கம்பி இழுத்தார்கள். விளக்கடியில்தான் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

கை கட்டி உட்காருகிற சுபாவம் அவளுக்கு இல்லை. ஊர் ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டிகள், வெந்நீருக்கு ஒரு பெரிய அண்டா, மதில் வரைக்கும் குறுக்கும் நெடுக்குமாகக் கொடிகள். வயதில் மூத்தவர்கள்கூட அவளை லாண்டரி அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"நீயும் வெந்நீர் காய்ச்சுற, நானும் வெந்நீர் காய்ச்சுறேன்," என்று கணவர் சீண்டுவார். "என்னோடதுல ஊருக்கே லைட்டு எரியுது. உன்னோடதுல அழுக்குதான் போகுது."

"அழுக்கு போறது லேசுப்பட்ட காரியமா? உங்க காலரைத் துவைச்சுப் பாருங்க, தெரியும்."

இப்படிச் சிரிப்பும் பேச்சுமாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில், இரண்டாவது புகைபோக்கி வந்த பிறகுதான் வினை பிடித்தது. மட்டமான கரி வாங்கிப் போடுவதாகக் கணவரே ஒருநாள் வாய்தவறிச் சொன்னார். காற்று தெருப்பக்கம் திரும்பினால் போதும், மாவு சலித்ததுபோலச் சாம்பல் இறங்கும். காலையில் வெள்ளையாகக் காயப்போட்ட விரிப்பு மத்தியானம் எலித்தோல் நிறத்தில் தொங்கும். அவள் மறுபடி துவைப்பாள், மறுபடி படியும்.

கடைசியில் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் ஒரு மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டு, பின்னாலேயே தானும் வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. ஆபரேஷன் பண்ணவங்களைப் படுக்க வைக்கிற துணி இது. விரலால தடவிப் பாருங்க, நறநறங்குது."

அவளுக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. நர்ஸ் போன பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கே வேன் டிரைவரின் மனைவி, பிறந்து சில மாதமே ஆன குழந்தையின் தொட்டில்மேல் ஈரத்துணியைப் போர்த்திவிட்டு, அது காயக்காய நனைத்துக்கொண்டிருந்தாள். "இதுக்கு மூச்சு இழுக்குதுக்கா. ராத்திரியெல்லாம் தோள்லயே போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்," என்றாள். விரிப்புக்காக வந்த கோபம் அந்தத் தொட்டிலைப் பார்த்ததும் வேறு மாதிரி ஆகிவிட்டது.

முதலில் முறையாகத்தான் போனாள். நிலையத்து அலுவலகத்தில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் பந்தாடினார்கள். கடைசி மேசைக்காரர், "மேல எழுதியிருக்கோம்மா," என்றார்.

"மேலன்னா எங்க சார்? புகை போற இடத்துக்கா?"

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை, சாம்பல் படிந்த விரிப்புகளையெல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், நிலையத்தின் முன்வாசல் கம்பிவேலியில் ஒன்றொன்றாக விரித்துப் போட்டாள். வேன் டிரைவரின் மனைவி குழந்தையோடு கூடவே வந்தாள். அவர்களைப் பார்த்துத் தெருப்பெண்கள் போர்வை, பள்ளிச் சட்டை, ஜன்னல் திரை என்று கையில் கிடைத்ததைக் கொண்டுவந்து மாட்டினார்கள். வேலை மாறும் நேரம். உள்ளே போகிறவர்கள் வேலி நெடுகப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவர்களில் அவள் கணவரும் இருந்தார். தலை நிமிராமல் உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் இடி இடித்தது.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. நம்ம வீட்டு உலை அந்த உலையாலதான் கொதிக்குது. என் மானத்தைக் கொண்டுபோய்க் கம்பியில காயப்போட்டுட்டியே."

"உப்புப் போட்டவங்க சோத்துல சாம்பலையும் போட்டா? அதையும் நன்றியோட திங்கணுமா?"

அதற்குப் பிறகு பேச்சு நின்றுபோனது. அவள் சோற்றை வைப்பாள், அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரே மகள் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரியாக ஓடினாள். "அப்பா, அம்மா குடையை எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க." "அம்மா, அப்பா குடை வேணாங்கிறாங்க." ஆனாலும் அவள் தினமும் தள்ளுவண்டியோடு போவதை நிறுத்தவில்லை.

ஒருநாள் அவர் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். நேராகப் பின்பக்கம் போய்ப் படியில் உட்கார்ந்தார். அவள் எட்டிப்பார்த்தாள். தலைமுடி, புருவம், சட்டை எல்லாம் ஒரே சாம்பல். கண்கள் மட்டும் இரத்தமாகச் சிவந்திருந்தன.

நிலையத்து சூப்பிரண்டு அவரைக் கூப்பிட்டு, "பொண்டாட்டியை அடக்கி வைக்கத் தெரியாதா உனக்கு?" என்று கேட்டிருக்கிறார். "அவ என்கிட்ட வேலை பாக்கல சார்," என்று இவர் சொல்லியிருக்கிறார். உடனே பாய்லரிலிருந்து எடுத்துச் சாம்பல் குழிக்கு மாற்றிவிட்டார்கள். இதெல்லாம் கூட வேலை பார்த்தவர் சொல்லி அவளுக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. அன்றைக்கு அந்தச் சாம்பலைப் பார்த்தே வேலையை மாற்றிவிட்டார்கள் என்று ஊகித்துக்கொண்டாள். அவள் அண்டாவிலிருந்து வெந்நீர் மொண்டு வந்து, குழந்தைக்கு ஊற்றுவதுபோலத் தலையில் ஊற்றினாள். கருஞ்சாந்தாக ஓடியது.

"நாளைக்கும் போவியா?" என்று கேட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

அவள் தயங்கினாள். "உங்களுக்கு இப்படி வரும்னு நினைக்கலங்க. வேணாம்னு சொல்லுங்க, இதோட விட்டுடுறேன்."

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "இத்தனை வருஷமா உள்ள இருந்து அதைத் தூக்கி வெளிய போட்டவன் நான். இன்னைக்குத்தான் எனக்கே வாயில விழுந்துச்சு. போ. பழைய விரிப்பு இன்னும் கிடந்தா அதையும் எடுத்துட்டுப் போ."

அவள் அழுதுவிட்டாள். வெந்நீர் ஆவி என்று சமாளித்தாள். அவரும் நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஆஸ்பத்திரி டாக்டர்கள் வந்து வேலியோரம் நின்றார்கள். பத்திரிகையில் படம் வந்தது. சூப்பிரண்டு மாற்றலாகிப் போய், அவருக்கு அடுத்து வந்தவர் காலத்தில்தான் சாம்பலைப் பிடித்து நிறுத்தும் இயந்திரம் வந்தது. தெரு ஒருவழியாக மூச்சுவிட்டது. இயந்திரம் அடிக்கடி மக்கர் பண்ணும். அன்றைக்கெல்லாம் கணவர் யாரிடமாவது சொல்லி அனுப்புவார்: "மிஷின் படுத்துருச்சாம், துணியைக் காயப்போட வேணாமாம்." பாய்லருக்கு அவரைத் திருப்பி எடுக்கவே இல்லை. ஓய்வு பெறும்வரை சாம்பல் குழியில்தான் இருந்தார். ஓய்வு பெற்றபோது நெஞ்சில் ஒரு இருமலும் கூடவே வீட்டுக்கு வந்தது.

மகள் வேறு ஊரில் குடியேறினாள். வருடங்கள் போயின. நிலையமும் கிழடு தட்டிவிட்டது. பழைய இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் கிடைக்கவில்லை, வேறு இடங்களில் மின்சாரம் இதைவிடச் சுலபமாக வந்தது. மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும், ஒப்பந்தக் கூலியாக இருந்த ஒரு வெல்டர் அவள் வாசலில் வந்து நின்றான்.

"நிரந்தர ஆளுங்களுக்கு வேற இடம் குடுக்குறாங்கக்கா. எங்களைக் கறிவேப்பிலையாத் தூக்கிப் போடுறாங்க. வாசல்ல உக்காரப் போறோம். நீங்க வந்தா நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். வழியில் டீக்கடைக்காரர் கிண்டலாகக் கேட்டார்: "என்ன லாண்டரி அக்கா, அன்னைக்கு மூடச் சொன்னதும் நீங்கதான், இன்னைக்குத் திறக்கச் சொல்றதும் நீங்கதானா?"

"நான் எப்பய்யா பவர் ஹவுஸை மூடச் சொன்னேன்? அது வாயை மூடச் சொன்னேன்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், டீக்கடைக்காரரும்தான். பிறகு அவரே வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு கேனில் டீ கொண்டுவந்தார். கணவர் மூச்சு வாங்கியபடி ஒரு மடக்கு நாற்காலியைச் சுமந்து வந்து அவளை உட்கார வைத்துவிட்டு, தாம் தரையில் உட்கார்ந்தார்.

நிலையத்தைக் காப்பாற்ற முடியவில்லை. வெல்டருக்கும் கூட்டாளிகள் பலருக்கும் ரயில் பணிமனையில் வேலை கிடைத்தது. சிலருக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போவதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். 

புகைபோக்கிகளை வெடி வைத்து இறக்கிய அன்று தெருவையே காலி செய்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். எல்லோரும் மைதானத்தில் கூடி நின்றார்கள். அவர் மட்டும் ஒரு வகுப்பறையில் குட்டிப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார்.

"நான் வரலை. நீ போய்ப் பாரு."

அவள் போய்ப் பார்த்தாள். சத்தம் பிறகுதான் வந்தது. அதற்கு முன்பே ஒரு புகைபோக்கி இடுப்பொடிந்து, சாவகாசமாகச் சாய்ந்தது. கூட்டம் கைதட்டியது. அவளும் தட்டப் போனாள், கை எழும்பவில்லை. அடுத்ததும் விழுந்தது. வானம் திடீரென்று அகலமாகிவிட்டது.

வகுப்பறைக்குத் திரும்பியபோது அவர் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுசு எந்தப் பக்கமா விழுந்துச்சு?"

"ரயில் பாதைப் பக்கம்."

"பழசு?"

"அதுவும் அங்கதாங்க. ஒண்ணு மேல ஒண்ணு விழல."

"சரியாத்தான் இறக்கியிருக்கானுங்க," என்றார். கொஞ்ச நேரம் இருமினார். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தெருவுக்குத் திரும்பலாம் என்று வெளியே ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரிங்க, கூட்டம் குறைஞ்சப்புறம் போவோம்னா வெயில் ஏறிடும்."

அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "பெஞ்சு ரொம்பச் சின்னதா இருக்கு. கால் மரத்துப்போச்சு," என்றார்.