பீப்பாவடியில் இறங்க வேண்டும்

இந்த ஊரில் சைக்கிளைக் கார் சுமந்துகொண்டு போகிறது. சொன்னால் நம்பமாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே வந்து பார்த்தால், கார்க் கூரையில் சைக்கிளை ஏற்றிக் கட்டி, கலியாண மாப்பிள்ளையை ஊர்வலம் கொண்டு போவதுபோல் கொண்டு போகிறார்கள். ஏரிக்கரைப் பூங்காவில் இறக்கி, அதைச் சுற்றிக் கொஞ்ச நேரம் ஓடி, போத்தல் தண்ணீரைக் குடித்துவிட்டு, திரும்பவும் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். கனடாவுக்கு வந்த புதிதில் இதைக் கண்டு, "பாவம், சைக்கிளுக்குச் சுகமில்லயாக்கும், ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போறாங்க" என்று என் கணவரிடம் சொன்னேன். மனிசன் சிரிக்கவில்லை. "சைக்கிளப் பத்தி வாய் திறக்காத. அத விட்டுட்டுத்தானே இஞ்ச வந்த நாங்க" என்றார்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் இன்றைக்கும் சைக்கிளில்தான் போகிறீர்கள், சண்டையும் முடிந்தபாடில்லை. ஆனால் இங்கே பிறந்து வளர்கிற பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் நெல்மூட்டை சைக்கிளில் போனது, காய்ச்சல்காரர் சைக்கிளில் போனார், பொம்பிளை மாப்பிள்ளை சைக்கிளில் போனார்கள். கிரானில் இருந்து என் மாமா வயல்வட்டையில் வெட்டிய நெல்லைக் கரியரில் கட்டி, தானும் ஏறி, பாரில் மாமியையும் வைத்துக்கொண்டு வருவார். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்குப் பெற்றோல் கொண்டு போக ஆமி விடாது. சூழலைப் பாதுகாப்பதில் எங்களுக்கு மிஞ்சிய சனம் உலகத்திலேயே இருந்திருக்காது. எரிந்த வீடுகளைத் தவிர, புகைவிட எங்களிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

அப்படிப்பட்ட எனக்குத்தான் இந்த ஊர்ச் சைக்கிள் சங்கம் சைக்கிள் ஓடப் பழக்கியது. நடந்தது இதுதான். நான் ஒரு வயோதிபர் இல்லத்தில் சமையலறை வேலை செய்கிறேன். விடிய வெள்ளென போய்க் கஞ்சி வைக்கவேண்டும். போன வசந்தகாலத்தில் நகரசபை அந்த நேரத்து பஸ்ஸை நிறுத்திவிட்டது. கணவர் வேறு நேரத்தில் வேறு திசைக்குக் காரோடு போகிறவர். நடந்து போய்ப் பிந்தினேன். மேற்பார்வைக்காரி நல்ல மனிசி, சிரித்துக்கொண்டே, "இனியும் பிந்தினால் வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும்" என்றாள். அந்த வேலையில்தான் களுவாஞ்சிக்குடியில் என் தங்கச்சி வசந்தி வீட்டு அடுப்பும் எரிகிறது. அப்போதுதான் நூலகக் கதவில் ஒரு அறிவித்தல் கண்டேன்: நகரத்துக்குள் தினப்படி போய்வரச் சைக்கிளே சிறந்தது, பயிற்சியில் சேர்ந்து சித்தியடைகிற புதுக் குடியேறிகளுக்கு ஒரு பழைய சைக்கிள் இலவசம். வீட்டில் சொன்னேன். கணவர் தலையில் கை வைத்தார். "சனம் என்ன சொல்லும்?"

"சனம் வந்து கஞ்சி வைக்குமா?" என்றேன்.

சங்கத்தில் எங்களுக்குப் படிப்பித்தவள் லின்டா. பச்சை மேற்சட்டை, தலையில் ஹெல்மெற், நெஞ்சு முழுக்க அன்பு. முதல் நாள் சைக்கிளை எங்கள் முன்னால் நிறுத்தி, இதுதான் மணி, இதுதான் பிரேக், இதுதான் பெடல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். நான் தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற காத்தான்குடி பரீதாவும் தலையாட்டினாள். ஊரில் இவள் தன் வாப்பாவின் சாரத் துணி மூட்டையைக் கரியரில் கட்டிக் கடைக்கு ஓடினவள். நான் தங்கச்சியை ஏற்றிக்கொண்டு எதிர்க்காற்றில் மிதித்தவள். "எனக்கு ஓடத் தெரியும்" என்று லின்டாவிடம் எவ்வளவோ சொன்னேன். அவள் கண் கலங்கி, "அந்தத் துணிவு போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றாள். அவர்களுடைய பிரசுரத்தில் எங்கள் படம் வந்தது. கீழே, வாழ்க்கையில் முதல் தடவையாக விடுதலையை உணரும் பெண்கள் என்று போட்டிருந்தார்கள்.

விடுதலையை விடுங்கள், சைக்கிளைப் பற்றிச் சொல்கிறேன். நானும் வசந்தியும் படுவான்கரையில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்தோம். களுவாஞ்சிக்குடியில் இருந்து குருக்கள்மடம் வரை ஓடி, அங்கே சைக்கிளோடு பாதையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ஆளையும் மாட்டையும் சைக்கிளையும் ஒன்றாக ஏற்றுகிற மிதவை. துறைக்குப் போகிற வழியில் ஆமியின் சென்றி என்கிற காவலரண். சென்றிக்கு முன்னால் ஒரு தார்ப் பீப்பா. பீப்பாவடியில் சைக்கிளால் இறங்க வேண்டும், தொப்பி போட்டிருந்தால் கழற்ற வேண்டும், அடையாள அட்டையைக் கையில் எடுக்க வேண்டும், மணல்மூட்டை முடியுமட்டும் உருட்டிக்கொண்டு போகவேண்டும். பீப்பாவுக்கு முன்னமே இறங்கினால் பயந்தவள், ஏன் பயந்தாய் என்ற கேள்வி. பீப்பாவைத் தாண்டி இறங்கினால் திமிர் பிடித்தவள். இதற்கு எந்தச் சங்கமும் பயிற்சி தரவில்லை. ஆனாலும் எங்கள் பக்கத்தில் ஒருவரும் பிழைவிட மாட்டார்கள்.

வசந்தி ஒருநாள் பிழைவிட்டாள். அவளுடைய தவறு இல்லை, பிரேக் கட்டை தேய்ந்து போயிருந்தது. சைக்கிள் பீப்பாவைத் தாண்டி உருண்டது. உள்ளே துவக்கு லோட் பண்ணுகிற சத்தம் கேட்டது. அவள் பாய்ந்து விழுந்தாள், சைக்கிள் தன்பாட்டில் ஓடிப்போய் மணல்மூட்டையில் மோதியது. அவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, அந்தச் சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கச் சொன்னார்கள். முழங்காலில் இரத்தம் வடிய அவள் நின்றாள். நான் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

சரி, இனிப் பரீட்சைக்கு வருவோம். நூலகத்தடியில் தொடங்கிச் சந்திகளைக் கடந்து ஏரிக்கரைக்குப் போகவேண்டும், லின்டா பின்னால் வந்து பார்ப்பாள். நான் முன்னுக்கு, பரீதா எனக்குப் பின்னுக்கு. கையைக் காட்டித் திரும்பினேன், மணி அடித்தேன், எல்லாம் திறம். பெரிய சந்தியில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். எங்களை உற்சாகப்படுத்தச் சங்கம்தான் அவரை அழைத்திருந்ததாம், எங்களிடம் சொல்லவில்லை. உடுப்பைக் கண்டதுதான் தெரியும். இறங்கிவிட்டேன். ஹெல்மெற்றைக் கழற்றிக் கைப்பிடியில் கொழுவினேன். கை தன்பாட்டில் பைக்குள் போய் அட்டையை எடுத்தது. பின்னால் பரீதாவும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். "யா அல்லாஹ், இஞ்சயும் நிக்கானுகளா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஊரில் என்றால் நானும் அவளும் ஒருவர் தெருவில் மற்றவர் போக யோசித்திருப்போம். அவளுடைய ஆட்களுக்கு எங்கள் ஆட்கள் செய்ததும், எங்களுக்கு அவர்கள் செய்ததும் அப்படி. சென்றியில் இறங்குகிற விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் ஒரு வேற்றுமையும் இருக்கவில்லை.

நான் நீட்டியது என்னுடைய மருத்துவ அட்டை. பொலிஸ்காரர் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு குனிந்து, மிகவும் கவலையாக, "உங்களுக்கு உடம்புக்கு ஏலாதா, அம்புலன்ஸ் கூப்பிடவா?" என்று கேட்டார்.

"நோ சேர். டீச்சர் சேர். நேர்சரி டீச்சர்" என்றேன். சென்றியில் கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அவர் லின்டாவைப் பார்த்தார். லின்டா என்னைப் பார்த்தாள். ஹெல்மெற்றைக் கழற்றியதற்கு அந்த இடத்திலேயே இரண்டு பேரும் பெயில். சந்தியில் தன்னம்பிக்கை போதாது என்று லின்டா சொன்னாள். அடுத்த ஞாயிறு இன்னொரு தரம் பார்ப்போம், அதோடு இந்தத் தவணை முடிகிறது, பொலிஸ்காரரை ஒரு மரமாக நினைத்துக்கொள் என்றாள். எங்கள் ஊரில் மரத்தடியிலும் சென்றி இருந்ததை அவளுக்கு எப்படி ஆங்கிலத்தில் சொல்வது?

அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. காசு கொடுத்துச் சைக்கிள் வாங்க வசதியில்லை, இது கிடைக்காவிட்டால் வேலை போய்விடும். கணவர், "நான் அப்பவே சொன்ன" என்று ஒரு தரம் சொன்னார், நான் பார்த்த பார்வையில் மற்றத் தரம் சொல்லவில்லை. வசந்தி களுவாஞ்சிக்குடிக் கொமினிகேசன் கடையில் என் அழைப்புக்குக் காத்திருக்கிற நாள் வந்தது. நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கடைக்காரரே என்னவென்று கேட்டிருப்பார்.

"மறுகா என்ன நடந்த?"

"ஞாயித்துக்கிழம திரும்ப ஓட வேணும். ஏலாது வசந்தி. அந்த உடுப்பக் கண்டா கால் தானா இறங்குது."

அவளுடைய சிரிப்பு நின்றது. பிறகு சொன்னாள்: "நீ இறங்காதக்கா. இறங்கினா எங்களுக்கெல்லாம் சோறில்ல. நான் இஞ்ச ஒவ்வொரு நாளும் இறங்கிறன்தானே, உனக்கும் சேத்து இறங்கிறன். நீ பேசாமப் போ."

ஞாயிற்றுக்கிழமை அதே சந்தி, அதே பொலிஸ்காரர். அவரைக் கண்டதும் என் வலது கால் பெடலை விட்டுக் கிளம்பியது. "உனக்கும் சேத்து" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு அதைத் திரும்பவும் வைத்து மிதித்தேன். "குட் ஜொப்!" என்று அவர் கத்தினார். முதுகில் எந்த நேரமும் வெடி விழும் என்று தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. ஏரிக்கரையில் இறங்கிக் குந்தியிருந்து விக்கி விக்கி அழுதேன். பரீதாவும் பாஸ், அவளும் அழுதாள். லின்டா ஓடிவந்து எங்களைக் கட்டிப்பிடித்து, சந்தோஷக் கண்ணீர் என்று எல்லாருக்கும் சொன்னாள். அந்தப் படமும் பிரசுரத்தில் வந்திருக்கிறது.

இப்போது விடிய வெள்ளென இலவசச் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். வழியில் பொலிஸ் நிலையம். வாசலில் நிற்கிறவர் கை காட்டுவார், நானும் கை காட்டிவிட்டு இறங்காமல் போகிறேன். அந்த நேரம் குருக்கள்மடத்தில் பின்னேரம். பாடசாலை விட்டு வசந்தி பாதையால் இக்கரைக்கு வந்திருப்பாள். பீப்பாவடியில் இறங்கி, அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, மணல்மூட்டை முடியுமட்டும் எங்கள் இரண்டு பேருக்குமாக உருட்டிக்கொண்டு போவாள்.