பவுடர் போடாத க்ரீம்

நேற்று என் மகள், எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ வீட்டிலேயே செய்து விற்ற கற்றாழை க்ரீமைக் கொண்டுவந்து காட்டினாள். மூடியில் ‘பிரிசர்வேட்டிவ் இல்லை’ என்று பூப்போட்டு எழுதியிருந்தது. திறந்து முகர்ந்தேன். ஊறவைத்து மறந்துபோன துணியின் வாடை. “நேச்சுரல்னா அப்படித்தான்மா இருக்கும்” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் சேர்ந்த க்ரீமில் கிருமி வளரும். அதைத் தடுக்கப் போடுவதுதான் பிரிசர்வேட்டிவ். அது இல்லை என்பதைப் பெருமையாக எழுதி விற்கிறார்களே, என்ன நெஞ்சழுத்தம்!

சும்மா வந்த கோபமில்லை, கேளுங்கள். கெமிஸ்ட்ரி படித்த கர்வத்தோடு நான் முதலில் வேலைக்குப் போனது மண்ணூர்பேட்டையில் ஒரு சின்ன க்ரீம் கம்பெனிக்கு, சரக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலை. வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே டீக்கடைக்குப் போவேன், நாலு பேர் பார்க்கட்டுமே என்று. பேக்கிங்கில் இருந்த சாந்தியக்கா, “டாக்டரம்மா வந்துகினு கீறாங்க, வழி உடுங்கடி” என்று கிண்டலடிப்பார். சனிக்கிழமை சாயங்காலம் பெரிய பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் க்ரீமை வழித்து டிபன் பாக்ஸில் எடுத்துப்போவது பேக்கிங் பெண்களின் பாத்தியதை. முதலாளியும் பார்த்துக்கொண்டேதான் போவார்.

ஒரு வாரம் அவர், கிருமி வராமலிருக்கப் போடும் பவுடரைப் போடாதே என்றார். “இப்ப எல்லாரும் நேச்சுரல் கேக்குறாங்கம்மா.” அதற்குப் பதிலாக வேறு ஏதாவது சேர்க்கலாம் சார் என்றேன். “லேபிள் அடிச்சாச்சு. கையெழுத்தப் போடு.” போட்டேன். அந்தச் சனிக்கிழமை சாந்தியக்கா வழித்து எடுத்துப்போனதையும் பார்த்தேன். சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் வாரம், அந்த க்ரீமைப் பூசிய சாந்தியக்கா ஒரு கண் வீங்கி, பார்வை மங்கி, சீழ் வடிய வந்து நின்றார். முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? “கம்பெனி சரக்கத் திருடிகினு போனா இப்படித்தான் ஆவும்.” வாசலோடு அனுப்பிவிட்டார். திருட்டாம்! எத்தனை வருஷமாகக் கண்ணெதிரே நடந்தது, அன்றைக்குத் திருட்டாகிவிட்டது. பாவி! நான் மட்டும் என்ன யோக்கியம்? அக்கா என் பக்கம் திரும்பி, “அந்த சரக்குல பவுடர் போடலியாமே, உனுக்குத் தெரியுமா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா கண்ணு?” என்றார். நான் கோட்டுப் பித்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதோடு வழித்தெடுக்கும் வழக்கமும் நின்றது. மிச்ச க்ரீமைக் கழுவிச் சாக்கடையில் விட்டார்கள்.

இன்று காலை மனசு கேட்காமல் மண்ணூர்பேட்டைக்குப் போனேன். கம்பெனி இருந்த இடத்தில் ஐந்து மாடிக் கட்டடம். அக்கா குடியிருந்த ஓட்டு வீட்டு வரிசையும் இல்லை. “எந்த சாந்திம்மா? இங்க எல்லாருமே புதுசு” என்றார் வாட்ச்மேன். அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பியதா என்று கேட்க, தெரிந்த முகம் ஒன்றுகூட அங்கே மிச்சமில்லை.